இலை படம் சான்று ஆகாது

கேள்வி: 'நேச்சுரல்' என்று போட்ட பாக்கெட்டில் கவுனி அரிசி வாங்கினேன். இருமடங்கு விலை. ராத்திரி ஊறப்போட்டேன், காலையில் தண்ணீர் நாவற்பழக் கலர். சாயம் ஏற்றிவிட்டார்களா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: தண்ணீர் கறுத்ததை வைத்துச் சாயம் என்று சொல்ல முடியாது, ஆச்சி. கவுனியின் தவிட்டிலேயே அந்த நிறம் உண்டு. அந்தத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் சிவப்பாகத் திரும்பும். ஆனால் வயலில் மருந்து அடித்தார்களா என்பதை எந்த நிறமும் காட்டிக்கொடுக்காது.

எனக்கு ஆற்றாமை அந்தப் பாக்கெட்டின் மேல்தான். பச்சை இலை, மாட்டுவண்டி, 'பாரம்பரியம்', 'நேச்சுரல்' எதுவும் ஆர்கானிக் சான்று ஆகாது. 2017-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஆர்கானிக் என்று பாக்கெட் போட்டு விற்க இரண்டு வழிகள். ஒன்று, வெளியிலிருந்து ஒரு சான்று நிறுவனம் வந்து சோதிக்கும் என்.பி.ஓ.பி. மற்றது, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சோதிக்கும் பி.ஜி.எஸ். எதில் வந்தாலும் 'ஜைவிக் பாரத்' என்ற அரசு முத்திரையைத் தேடுங்கள். 'பி.ஜி.எஸ். கிரீன்' என்றிருந்தால் அந்த நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, முழு ஆர்கானிக் ஆகவில்லை என்று பொருள்.

நான் ஏமாந்ததையும் சொல்கிறேன். காரைக்குடியில் ஒரு கடையில் ஐந்து கிலோ துவரம் பருப்பு வாங்கினேன். 'சான்று எண்' என்று 14 இலக்கம் அச்சடித்திருந்தது, நம்பினேன். வீட்டில் பிஸ்கட் பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதிலும் அதே மாதிரி 14 இலக்கம். அது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண். உணவு விற்கிற எல்லோரும் வாங்க வேண்டியது. ஆர்கானிக்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பில் வாங்காததால் பருப்பைத் திருப்பவும் முடியவில்லை. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

கேள்வி: மரச்செக்கு எண்ணெய் என்றாலே ஆர்கானிக்தானே? (வாசகர், புதுவயல்)

பதில்: இல்லை. செக்கு, ஆட்டுகிற முறை. கடலை எப்படி விளைந்தது என்பது வேறு கேள்வி.

கேள்வி: வாரச்சந்தையில் ஒரு விவசாயி மருந்தடிக்காத காய் என்று விற்கிறார். முத்திரை எதுவும் இல்லை. வாங்கலாமா? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: வாங்கலாம். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்கும் சிறு விவசாயி நேராக உங்கள் கையில் கொடுத்தால் சான்று கட்டாயமில்லை. 'ஜைவிக் பாரத்' முத்திரையை அவர் போட்டுக்கொள்ளவும் கூடாது. என்ன உரம் போடுகிறீர்கள், பூச்சி வந்தால் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒரு நாள் வயலுக்கே போய்ப் பாருங்கள்.

கேள்வி: கல்யாணத் தாம்பூலத்துக்கு 'மக்கும் பை' 500 வாங்கினோம். கிழித்தால் பிளாஸ்டிக் மாதிரி இழுபடுகிறது. பில் இல்லை. (வாசகர், காரைக்குடி)

பதில்: 500 பை வாங்குகிறவர் ஒரு பையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லையா? மக்கும் பை பிளாஸ்டிக் மாதிரி இழுபடலாம், அது கணக்கில்லை. தயாரித்தவர் பெயரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று எண்ணும் பையிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் நம்பாதீர்கள். நம் ஊரில் ஓலைக் கொட்டான் இருக்கிறது, மஞ்சள் துணிப்பை இருக்கிறது. கொட்டான் வாங்கும்போதும் தொட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக் ஒயரில் பின்னியதும் அதே பெயரில் வருகிறது.

கேள்வி: என் அம்மாவுக்கு 70 வயது. ஆர்கானிக் மஞ்சள்தூள் என்று நான்கு பாக்கெட் கொடுத்துவிட்டார்கள். முத்திரை இல்லை. கேட்டால் கடைக்காரர் சத்தம் போடுகிறார். பில் இருக்கிறது. (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். பொய் சொன்னது விற்றவர். பில் இருப்பது பெரிய பலம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள். தீரவில்லையென்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அதுவரை மீதித் தூளைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். பாக்கெட்டோடு அப்படியே கட்டி, பில்லையும் சேர்த்து வையுங்கள்.