ஐஸ் பாரின் நடுப்பகுதி மட்டும் வெள்ளையாக இருப்பது ஏன்? உப்புக் கலந்து உறைய வைக்கிறார்களா?

கேள்வியின் இரண்டாவது பாதியைப் படித்ததும் கொஞ்சம் கோபம் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் அநேகமாக ஜூஸ் கடையோ சர்பத் கடையோ வைத்திருப்பவர். பாரை உடைக்கும்போது ஓரம் கண்ணாடி மாதிரி இருக்க, நடுவில் சுண்ணாம்பு கரைத்தது போல் இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பீர்கள். யாரும் எதையும் கலக்கவில்லை. தண்ணீர் உறையும் விதமே அதுதான்.

நான் நாகப்பட்டினம் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் பதினொரு வருடம் இருந்தவன். விசைப்படகுகளுக்கு ஐஸ் போடும் கம்பெனி. படிப்பு பத்தாவது வரைதான். போன முறை அம்மோனியா பற்றிப் பதில் எழுதியபோது "ஆதாரம் எங்கே?" என்று ஒருவர் கேட்டார். பதினொரு வருடம் மூக்கில் ஏறிய வாடைக்கு ஆதாரம் எங்கே போய் வாங்குவது? இந்த முறை வீட்டிலேயே செய்து பார்க்கும்படி ஒன்று சொல்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீரில் கேசரிக்குப் போடும் கலர் இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் எடுத்தால் ஓரம் வெளுத்து, கலர் முழுக்க உள்பக்கமாக ஒதுங்கியிருக்கும். அந்தக் கலருக்கு நடந்ததுதான் உங்கள் பாரின் நடுப்பகுதிக்கும் நடந்திருக்கிறது.

ஐஸ் என்பது தண்ணீர் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கை கோத்து நிற்கும் ஒரு கட்டடம். ஒவ்வொன்றும் சுற்றியிருக்கும் நான்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். சோடியமோ குளோரைடோ சுண்ணாம்போ நுழைய அதில் இடமே கிடையாது. அதனால் ஐஸ் வளர வளர, தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் முன்னால் தள்ளிவிடும். தண்ணீர் ஊற்றி உறைய வைக்கும் தகரப் பெட்டியைக் கேன் என்போம். கேனைச் சுற்றிலும் குளிர் இருப்பதால் ஐஸ் நான்கு சுவரிலிருந்தும் உள்ளே வரும். போர் தண்ணீரில் கரைந்திருந்த உப்புகளும் காற்றும் ஓட வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். வெள்ளை நிறம் பெரும்பாலும் அந்தக் காற்றுக் குமிழிகள்தான். நல்ல கம்பெனிகளில் கேனுக்குள் காற்றுக் குழாய் விட்டுத் தண்ணீரை அலம்பிக்கொண்டே இருப்பார்கள். நடு மட்டும் உறையாமல் நிற்கும்போது அந்தக் கலங்கல் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. எங்கள் கம்பெனியில் அதெல்லாம் கிடையாது. மீனுக்கு எதற்கு அழகு என்பார் முதலாளி.

சரி, உப்பு எங்கிருந்து வருகிறது என்றால், அது கேனுக்கு வெளியே இருக்கும். பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர், பிரைன் என்போம். அம்மோனியா குழாய்கள் அதைக் குளிர வைக்கும், அது கேனைக் குளிர வைக்கும். எங்கள் தொட்டி மைனஸ் 10 டிகிரியில் ஓடும். நல்ல தண்ணீராக இருந்தால் தொட்டியே ஒரே பாராகிவிடும். உப்பு இருப்பதால் உறையாது. சாப்பாட்டு உப்பை 100-க்கு 23 பங்கு சேர்த்தால் மைனஸ் 21 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் உப்பைக் கொட்டினாலும் பயனில்லை.

உப்பு குறைந்துபோனால் குழாயைச் சுற்றி ஐஸ் படியும். அதைச் சுரண்டி நல்ல தண்ணீரில் அலசி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிப்பு அநேகமாக இருக்காது. உப்புத் தண்ணீரில் வளர்ந்த ஐஸ், உப்பில்லாமல்! முதல் தடவை நான் நம்பவே இல்லை. வட துருவத்துக் கடல் ஐஸும் இப்படித்தானாம். புதிதாக உறைந்தது லேசாகக் கரிக்கும், வருடங்கள் கடந்த பழைய ஐஸை உருக்கிக் குடிக்கலாம். இடுக்குகளில் சிக்கிய உப்புநீர் அதற்குள் வடிந்து போயிருக்கும்.

இனி என் கதை. 2011-ல், கரண்ட் கட் அதிகமாக இருந்த நேரம். ஒரு விசைப்படகு டிரைவர் வந்து, "என்னய்யா ஐஸ் இது, சொதசொதன்னு, கிரஷர்ல போட்டா கஞ்சியா வருது" என்று கத்தினார். முதலாளி என் பக்கம் திரும்பி, "அவசரப்பட்டுத் தூக்கிட்டல்ல?" என்றார். முழுசாக உறையும் முன் நான் கேனைத் தூக்கவில்லை. ஐஸ் தடிக்கத் தடிக்க அதுவே குளிரைத் தடுக்கும் சுவராகிவிடும், இரண்டு மடங்கு தடிமனுக்கு நான்கு மடங்கு நேரம் ஆகும். ஸ்டீஃபன் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி 1891-லேயே துருவ ஐஸுக்குக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறாராம். எனக்கு அவரைத் தெரியாது, ஆனால் கடைசி இரண்டு அங்குலத்துக்காக ராத்திரி முழுக்கக் காத்திருக்கத் தெரியும். கரண்ட் போன நேரத்தையும் சேர்த்துத்தான் காத்திருந்தேன். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. 600 ரூபாய் பிடித்துக்கொண்டார்.

மறுநாளும் அதே வரிசையில் ஒரு பார் அப்படியே வந்தது. உடைத்துப் பார்த்தேன். நடுவில் மீன் செதில் மாதிரி மெல்லிய தகடுகள், அதன் இடுக்கில் தண்ணீர். விரலில் தொட்டு நக்கினால் கடல் தண்ணீரை விட மோசமாகக் கரித்தது. கேனைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். அடித்தையலில் துரு அரித்து ஊசிமுனை அளவு ஓட்டை. பிரைன் உள்ளே கசிந்திருக்கிறது.

தகடு தகடாக ஏன் வருகிறது என்பதை என் மச்சினன்தான் விளக்கினான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. "மாமா, ஐஸ் தள்ளிவிடுற உப்பு அதுக்கு முன்னாடியே குவிஞ்சு நிக்கும். எந்த முனை கொஞ்சம் நீட்டிக்கிட்டு அதைத் தாண்டுதோ, அங்க உப்பு கம்மி, அதனால அது வேகமா வளரும். அப்புறம் அதுலேருந்து கிளை" என்றான். 100-க்கு 3 பங்கு உப்புள்ள தண்ணீரை மைனஸ் 10-ல் எத்தனை நாள் வைத்தாலும் ஐந்தில் ஒரு பங்கு உறையாமலே கிடக்கும் என்று சிகரெட் அட்டையில் கணக்கும் போட்டுக் காட்டினான். கெட்டிக்காரன்தான். அவன் கடைசி வருட ஃபீஸுக்கு என் மனைவியின் நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். இன்று ஓசூரில் வேலை, சொந்தக் கார். சங்கிலி பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் சிக்னல் கிடைக்காது. இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள், அவனும் இந்தத் தளத்தில் இருக்கிறான்.

கேனையும் கணக்கு எழுதிய அட்டையையும் முதலாளியிடம் காட்டினேன். கேனுக்கு வெல்டிங் வைக்கச் சொன்னார். 600 ரூபாய் பற்றி வாயே திறக்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நடுவில் வெள்ளையாக, ஆனால் கல் மாதிரிக் கெட்டியாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நடுப்பகுதி சொதசொதவென்று இருந்து நாக்கில் கரித்தால் கேன் ஓட்டை. பாரைத் திருப்பிக் கொடுங்கள், சண்டை போட்டே கொடுங்கள். ஆனால் பாரைக் கொண்டுவந்து இறக்கும் பையனிடம் போடாதீர்கள், அவன் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். இன்னொன்று, எங்களைப் போல் மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனியிலிருந்து ஜூஸுக்கு வாங்காதீர்கள். அந்தக் கேன்களை நாங்கள் எப்படிக் கழுவினோம் என்று எனக்குத் தெரியும்.