சுவரில் படர்த்திய பேரி பூக்காதது ஏன்?

கேள்வி: சிராங்கூனில் தரைவீட்டில் வசிக்கிறேன். இங்கிலாந்தில் மகள் வீட்டருகே செங்கல் சுவரில் தட்டையாகப் படர்த்திய பேரி மரங்களைப் பார்த்துவிட்டு வந்து, நானும் கம்பி கட்டிப் பேரிக் கன்றை வளர்க்கிறேன். மூன்று ஆண்டுகளாகியும் ஒரு பூ கூட இல்லை. எருவில் குறையா?

பதில்: எருவில் குறையில்லை, இன்னும் எரு இட்டால் இலைதான் பெருகும். ஐரோப்பியப் பேரி ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு, மொட்டின் உறக்கம் கலைய, 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையோ, 1934 ஜனவரியில் பதிவான 19.4 டிகிரிதான். கொடைக்கானலில் பேரிக்காய் விளைகிறதே என்பீர்கள். அது 2,000 மீட்டருக்கு மேலுள்ள மலை.

ஆனால் நீங்கள் கட்டிய கம்பி வீண் அன்று. கிளையைப் படுக்கைவாட்டில் சாய்த்தால் நுனி மொட்டின் ஆதிக்கம் தளர்ந்து, கிளை நெடுகப் பக்க மொட்டுகள் விழிக்கின்றன. கொய்யாத் தோப்புகளில் கிளைகளை வளைத்துக் கட்டுவதும் இதற்காகத்தான். ஆகவே அந்த இடத்தில் ஒரு கொய்யாப் பதியனை நடுங்கள்.

முதல் கம்பி தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்திலும், அடுத்தவை 40 செ.மீ. இடைவெளியிலும், சுவரின் சூடு இலையைத் தாக்காதபடி 15 செ.மீ. விலகியும் இருக்கட்டும். முதல் கம்பியின் உயரத்தில் தண்டை வெட்டி, துளிர்ப்பவற்றில் மூன்றை மட்டும் விட்டு, நடுத்துளிரை மேலேற்றுங்கள். பக்கத்துளிர்கள் பச்சையாக, தொட்டால் நான்கு விளிம்பு தட்டுப்படும் நிலையிலேயே, துணிப்பட்டையால் தளர்வாக, 45 பாகைச் சாய்வில் கட்டுங்கள். அடித்தண்டு பழுப்பாகத் தொடங்கும்போது சிறிது சிறிதாகக் கம்பியோடு படுக்கவைக்கலாம். பட்டை முற்றியபின் வளைத்தால் கவட்டிலேயே பிளந்துவிடும். மேல்கம்பிகளுக்கும் இதே முறைதான்.

கவாத்தில் மட்டும் பேரியின் முறையைப் பின்பற்றாதீர்கள். பேரி, முதிர்ந்த கிளையின் குறுமுளைகளில் காய்க்கும்; கொய்யாவோ புதுத்துளிரின் இலைக்கணுவில் பூக்கும். காய் பறித்த துளிரை இரண்டு இலைச்சோடி விட்டு வெட்டினால், அடுத்துவரும் துளிரில் பூ வைக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டையடிக்க வேண்டாம். காய் சிறிதாக இருக்கும்போதே பை கட்டாவிட்டால் பழ ஈ முந்திக்கொள்ளும்.

மூங்கில் கழி ஊன்றியிருந்தால் அதன் திறந்த வாயை மணலால் அடைத்துவிடுங்கள். அதில் தேங்கும் ஒரு கரண்டி மழைநீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். பேரிக் கன்றை வெட்ட மனம் வராவிட்டால் தொட்டிக்கு மாற்றி, இலையழகுக்காக வைத்துக்கொள்ளலாம்.