டெல்லிக் கட்டுரைகளும் பாக் விரிகுடாவும்

அன்புள்ள ஐயா,

வெளியுறவு பற்றி டெல்லி ஆய்வு மையங்களில் இருப்பவர்கள் ஆங்கில நாளிதழ்களில் எழுதுவதைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். திரும்பத் திரும்ப ஒரே வாதம் வருகிறது: மாநிலக் கட்சிகள் வெளியுறவில் மூக்கை நுழைத்தால் நாட்டு நலன் கெடும். உதாரணம் என்று வந்தால் தமிழ்நாடுதான் முதலில் மாட்டுகிறது. 2013இல் மன்மோகன் சிங் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்குப் போகாததைச் சொல்லாமல் எந்தக் கட்டுரையும் முடிவதில்லை. ஆனால் 2024 தேர்தலுக்கு முன் கச்சத்தீவு கிளப்பப்பட்டபோது இவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். இவர்களுக்குச் சம்பளம் தருவது யார்? எந்த அளவுக்கு நம்பலாம்? பேசாமல் வாசிப்பதையே விட்டுவிடலாமா?

ஆர்.,
திருவாரூர்

அன்புள்ள ஆர்.,

சம்பளக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் ரகசியம் ஒன்றுமில்லை. பாதுகாப்பு ஆய்வுக்கான ஐடிஎஸ்ஏ மையம் 1965இல் தொடங்கியது. பாதுகாப்பு அமைச்சகத்தின் பணத்தில் நடக்கிறது. 2020 முதல் மனோகர் பாரிக்கர் பெயரில் இருக்கிறது. ஓஆர்எஃப் என்ற ஆய்வு மையம் 1990இல் ரிலையன்ஸ் ஆதரவோடு பிறந்தது. 2016 முதல் வெளியுறவு அமைச்சகத்தோடு சேர்ந்து ரைசினா என்ற வெளியுறவு மாநாட்டை டெல்லியில் நடத்துகிறது. விவேகானந்தா சர்வதேச மையம் 2009இல் வந்தது. அதன் வேர் நம் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தில். அதன் நிறுவன இயக்குநர் அஜித் தோவல், 2014 மே மாதம் ஆட்சி மாறியதும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகப் போய் அமர்ந்தார். அரசுக்குத் தள்ளி நின்று ஆய்வு செய்தவர்களின் கதை வேறு. 1973 முதல் இயங்கும் சிபிஆர் என்ற கொள்கை ஆய்வு மையத்தில் 2022 செப்டம்பரில் வருமான வரித்துறை நுழைந்தது. 2023 பிப்ரவரியில் வெளிநாட்டு நிதி பெறும் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ரத்தே ஆனது.

இதைப் பார்க்கும் மற்ற மையங்கள் எப்படி எழுதும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பணத்தைவிடப் பெரிய கயிறு ஒன்று உண்டு. அழைப்பு வர வேண்டும், அமைச்சகத்தில் யாராவது போனை எடுக்க வேண்டும், மாநாட்டில் மேடை கிடைக்க வேண்டும். வெளியுறவுத் துறையில் கோப்புகள் பெரும்பாலும் மூடியே கிடப்பதால், உள்ளே இருப்பவர் தேநீரோடு சொல்லும் இரண்டு வார்த்தைதான் வெளியே எழுதுபவருக்கு மூலதனம். அந்தக் கதவு சாத்தப்பட்டால் பிழைப்பு போயிற்று.

அதற்காக அரசுப் பணத்தில் எழுதுபவரெல்லாம் அரசின் குரல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கே. சுப்ரமணியம் திருச்சியில் பிறந்தவர், ஐஏஎஸ் அதிகாரி, ஐடிஎஸ்ஏ இயக்குநராக இருமுறை இருந்தவர். 1971இல் கிழக்குப் பாகிஸ்தான் நெருக்கடியை இந்தியா வாய்ப்பாகப் பயன்படுத்த வேண்டும் என்று அந்த நாற்காலியில் இருந்தபடியே பொதுவில் வாதிட்டார். அரசாங்கம் அணுகுண்டு பற்றி மென்று முழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் இவர் பளிச்சென்று எழுதினார். அவர் கருத்துகளில் எனக்குப் பாதிக்குமேல் உடன்பாடில்லை. ஆனாலும் அவரைப் படித்தால் எதிராளி எங்கே நிற்கிறார் என்று தெரியும். அவருடைய மகன்தான் இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர்.

இப்போது அந்த வாதத்துக்கு வருவோம். மாநிலக் கட்சிகள் டெல்லியின் கையைக் கட்டுகின்றன என்பதற்கு இலங்கையை உதாரணமாகக் காட்டுபவர்கள், காலவரிசையை ஒருமுறை எடுத்து வைத்துப் பார்க்கலாம். திமுகவின் பிடி டெல்லியில் இறுகியிருந்தது 2004 முதல் 2009 வரையிலான ஆட்சியில். 2008 அக்டோபரில் இலங்கைப் போரை நிறுத்தாவிட்டால் பதவி விலகுவோம் என்று தமிழக எம்பிக்கள் கெடு வைத்தார்கள். திமுகவினரின் ராஜினாமாக் கடிதங்கள் கருணாநிதியின் கைக்குப் போயின. இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்சவின் தம்பி பசில் டெல்லி வந்தார், அன்றைய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி சமாதானம் சொன்னார், கடிதங்கள் அங்கேயே தங்கிவிட்டன. போர் 2009 மே வரை அதன் போக்கில் நடந்து முடிந்தது. அதே மாதம் 27ஆம் தேதி ஜெனீவாவில், ஐநா மனித உரிமைப் பேரவையில், இலங்கையே கொண்டுவந்த தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆளும் கூட்டணியில் திமுக இருக்கும்போதே!

2013 மார்ச் 19 அன்று திமுக கூட்டணியை விட்டு வெளியேறியது. இரண்டே நாளில் ஜெனீவாவில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2014 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தல் தலைக்குமேல் நிற்கையில், அதே இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. தமிழ்நாட்டுக் கட்சிகள் சொல்லித்தான் டெல்லி ஆடுகிறது என்றால் இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

காமன்வெல்த் மாநாட்டுக்கு வருவோம். இந்தியா போகக் கூடாது என்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது உண்மை, பிரதமர் போகாததும் உண்மை. ஆனால் வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் போனார். பிரதமர் போகாததால்தான் சீனா உள்ளே வந்தது என்று எழுதுகிறார்களே, அங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. இலங்கையில் சீனா கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுக வேலை தொடங்கியது 2008 ஜனவரியில். முதலில் இந்தியாவிடம்தான் கேட்டோம் என்று மகிந்த ராஜபக்ச பலமுறை சொல்லியிருக்கிறார். 2013இல் ஒருவர் விமானம் ஏறாததற்கும் 2008இல் கொட்டிய கான்கிரீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

வங்கதேசத்தோடு தீஸ்தா நதி நீரைப் பங்கிடும் ஒப்பந்தமும் இதே கதைதான். 2011 செப்டம்பரில் மன்மோகனோடு டாக்கா போக மறுத்து மம்தா ஒப்பந்தத்தை முடக்கினார். சரி. 2014 முதல் 2024 வரை டெல்லியில் தனிப்பெரும்பான்மை ஆட்சி, மம்தாவின் தயவு தேவையில்லை. பத்தாண்டு போயும் கையெழுத்து விழவில்லை. தண்ணீர் அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதை ஏற்றுப் பேசினால் காரியம் நடக்கும் என்பதற்கு அதே எல்லையிலேயே சாட்சி இருக்கிறது. 2015இல் வங்கதேசத்தோடு நில எல்லை ஒப்பந்தம் அரசியல் சட்டத்தின் நூறாவது திருத்தமாக நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அண்டை நாட்டுக்குள் சிக்கிக் கிடந்த நிலத் திட்டுகளில் 111 இந்தியத் திட்டுகள் அந்தப் பக்கமும் 51 திட்டுகள் இந்தப் பக்கமும் கைமாறின. மன்மோகன் அரசு இந்த மசோதாவைக் கொண்டுவந்தபோது அசாம் பாஜகவும் திரிணாமுல்லும் எதிர்த்தன. பிறகு அசாமில் போய்ப் பிரதமரே பேச வேண்டியிருந்தது. மம்தாவும் டாக்காவுக்குக் கூட வந்தார். உள்ளூர் அரசியலை ஓரங்கட்டி அந்த ஒப்பந்தம் வரவில்லை, அதன் வழியாகவே வந்தது.

கச்சத்தீவு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரியில்லை. ஓய்வுபெற்ற தூதர்கள் சிலர் வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார்கள். 2024 ஏப்ரல் 1 அன்று வெளியுறவு அமைச்சரே பத்திரிகையாளர்களை அழைத்து தீவு இலங்கைக்குப் போன 1974ஆம் ஆண்டுக் கோப்பைப் பற்றிப் பேசினார். தமிழ்நாட்டில் 19ஆம் தேதி வாக்குப்பதிவு. இதே ஆட்சியின் அட்டர்னி ஜெனரல் 2014இல் உச்ச நீதிமன்றத்தில், தீவைத் திரும்பப் பெற வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். மாநிலக் கட்சி வெளியுறவை வாக்குக்குப் பயன்படுத்தினால் அது குறுக்கீடு. ஆளுங்கட்சி செய்தால் வரலாற்று விளக்கம். தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் இந்தியா கூட்டணி வென்றது, அது வேறு விஷயம்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு நாம் மார்தட்டிக்கொள்ள முடியாது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. இரு தரப்பும் மோதிக்கொண்டு பிறகு வந்துசேர்ந்த ஏற்பாடு இது. விசைப்படகு போகும் நாளில் யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர் கடலில் வலை விரிக்கப் பயப்படுகிறார். காரணம் இழுவை மடி. அடியைத் துடைத்துக்கொண்டு வரும் அந்த மடி, அவர் இரவில் விரித்துவிட்டுப் போன வலையையும் சேர்த்துக் கிழித்து இழுத்துக்கொண்டு போகும். போர்க்காலத்தில் அந்தக் கடலில் அவர்களுக்கு அனுமதி இல்லை, நம் படகுகளுக்கு வெறுங்கடல். 2009க்குப் பிறகு அவர்கள் கடலுக்குத் திரும்பினார்கள், நாம் அங்கிருந்து திரும்பவில்லை. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. அந்தச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் தமிழர்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

டெல்லிக் கட்டுரையில் இது "தமிழ் உணர்வு" என்ற இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிடும். நம் சட்டமன்றத்தில் "சிங்களக் கடற்படை" என்ற இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிடும். வலை கிழிந்த ஆள் இரண்டிலும் இல்லை. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு கரை மீனவர்களே உட்கார்ந்து பேசினார்கள். இலங்கை மீனவர்கள் இழுவை மடியை நிறுத்தச் சொன்னார்கள், நம்மவர்கள் கால அவகாசம் கேட்டார்கள். 2017இல் ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தது: படகு ஒன்றுக்கு 80 லட்சம், பாதி மத்திய அரசு, 20 விழுக்காடு மாநில அரசு, 20 வங்கிக் கடன், 10 மீனவர். மூன்றாண்டில் இரண்டாயிரம் படகு என்றார்கள். அந்த இலக்கின் பக்கத்திலேயே போகவில்லை. இது ஏன் படுத்தது என்று மண்டபம், ஜெகதாப்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் போய் விசாரித்து எழுதும் ஆய்வு மையம்தான் வெளியுறவுக்கு உண்மையில் உதவும். கடன் தவணையும் டீசல் விலையும் அங்கே ராஜதந்திரத்தின் பகுதி.

ஆகவே வாசிப்பதை விடாதீர்கள். கட்டுரையின் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குங்கள். "இந்தியா செய்ய வேண்டியவை" அங்கேதான் இருக்கும். அதைச் செய்தால் யாருக்குச் செலவு, எந்த ஊரில் யார் எதை இழப்பார் என்று அதற்கு மேலே ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அது அமைச்சகக் குறிப்பின் நல்ல ஆங்கில வடிவம், அவ்வளவுதான். அரசு என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள அதுவும் உபயோகம்தான். கூடவே வெளியுறவுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கைகளை இறக்கிப் படியுங்கள். மக்களவை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நடை வறட்டு நடை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிகாரி பதில் சொல்லாமல் நழுவிய இடங்கள் அதில் அச்சாகியே இருக்கும். பூட்டான் எல்லையில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற டோக்லாம் பற்றி 2018இல் வந்த அறிக்கையிலிருந்து ஆரம்பிக்கலாம்.