விமானப் பயணத்தைப் பசுமையாக்கும் ஆய்வு: பிஎச்டி கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மெக்கானிக்கல் முதுகலை முடித்தவன். இந்தத் துறையில் ஐரோப்பாவில் பிஎச்டி செய்ய வழி உண்டா?

உண்டு. மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா-கியூரி முனைவர் வலையமைப்புகளைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துபவை. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், சம்பளத்தோடு வேலை ஒப்பந்தம் கிடைக்கும். முதலில் இடப்பெயர்வு விதியைப் படியுங்கள்: பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், வேலை தரும் நிறுவனம் இருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ, வேலை பார்த்திருக்கவோ, படித்திருக்கவோ கூடாது. நல்ல விண்ணப்பங்கள் பல இதில்தான் அடிபடுகின்றன.

கேள்வி: ஜெர்மனியில் எம்.எஸ். படித்து இரண்டு வருடமாக இங்கேயே இருக்கிறேன். இங்குள்ள இடத்துக்குப் போடலாமா?

மேலே சொன்ன விதிதான், முடியாது. அதே வலையமைப்பில் நெதர்லாந்திலோ பிரான்சிலோ இடம் இருந்தால் போடுங்கள்.

கேள்வி: ஹைட்ரஜனா, பேட்டரியா? எதை எடுத்தால் எதிர்காலம்?

ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12,000 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. நல்ல லித்தியம் பேட்டரியில் 300 அளவுதான். அதனால் பேட்டரி குறுந்தூரச் சிறு விமானத்துக்கே. ஹைட்ரஜன் எடைக்கு எடை எரிபொருளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தரும். ஆனால் திரவமாக வைக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும், இடமும் நான்கு மடங்கு பிடிக்கும். குளிரியலில் ஆர்வம் இருந்தால் அதை வைக்கும் தொட்டியே ஒரு முழு ஆய்வு.

கேள்வி: விமானத்துக்குப் பின்னால் விழும் வெள்ளைக் கோட்டில் என்ன ஆய்வு? கரியமில வாயுதானே பிரச்சினை?

அது மட்டும் இல்லை. 2021-ல் வெளியான ஒரு விரிவான மதிப்பீட்டின்படி, விமானங்களால் வரும் வெப்பமூட்டலில் கரியமில வாயுவின் பங்கு மூன்றில் ஒன்றுதான். மீதியில் பெரும்பகுதி அந்தக் கோடுகளும் அவை பரவி உண்டாகும் மேகங்களும். குளிர்ந்து, ஈரம் மிகுந்த காற்றடுக்கில் போனால்தான் அவை நீடிக்கும். பகலில் வெயிலைத் திருப்பிக் கொஞ்சம் குளிர்விக்கும், இரவில் பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வேலை மட்டும்தான்.

கேள்வி: ஏஜென்ட் பணம் கேட்கிறார். இடம் வாங்கித் தருவாராம்.

ஒரு ரூபாயும் தராதீர்கள். இந்த இடங்களை யாரும் வாங்கித் தர முடியாது.

கேள்வி: நெதர்லாந்தில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன், போன மாதம்தான் திரும்பினேன். அங்கே விண்ணப்பிக்க...

36 மாதம், 12 மாதம். தயவுசெய்து முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வெள்ளைக் கோட்டைத் தவிர்க்க விமானத்தைச் சுற்றி ஓட்டினால் எரிபொருள் கூடுமே. கரியமில வாயு நூற்றாண்டுகள் நிற்கும், கோடு சில மணி நேரத்தில் போய்விடும். இது நியாயமா?

இன்று வந்ததில் நல்ல கேள்வி இதுதான். சிறிய விகித விமானங்களே பெரும்பகுதிக் கோட்டு வெப்பத்தைக் கொடுக்கின்றன. அவற்றை மட்டும் சற்று மேலோ கீழோ திருப்பினால் கூடும் எரிபொருள் குறைவு. ஆனால் அந்த ஈர அடுக்கு எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல இன்னும் முடியவில்லை. கணிப்பு தவறினால் எரிபொருளும் வீண், கோடும் விழும். காலக்கணக்கு பற்றிய உங்கள் வாதத்துக்கும் எல்லோரும் ஏற்ற விடை இல்லை: 20 வருடத்தை வைத்து அளந்தால் ஒரு பதில், 100 வருடத்துக்கு வேறு பதில். வானிலையும் கணிதமும் பிடித்தவராக இருந்தால், உங்கள் ஆய்வுத் தலைப்பை இங்கேயே தேடுங்கள்.