வீட்டுக்காரர் ஒளிக்கச் சொல்லும் பெயர்

தம்பி, வேலை விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஓர் அறை எடுத்திருக்கிறீர்கள். "கவுன்சில் கடிதம் வந்தால் திறக்க வேண்டாம், உங்கள் பெயரை ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம், வரிப்பணத்தை மாதாமாதம் என்னிடம் காசாகத் தந்தால் போதும்" என்று வீட்டுக்காரர் சொன்னதாக எழுதி, இந்தக் கவுன்சில் என்பது யார், அதற்குப் பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவுன்சில் என்பது எங்கள் ஊர் நகரசபை, பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி சபை; அது வீடுகளுக்கு விதிப்பதுதான் கவுன்சில் வரி. குளிர்ச்சட்டை எங்கே வாங்குவது, மீன் எந்தக் கடையில் நல்லது என்பதையெல்லாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு சனிக்கிழமை நடந்தால் நீங்களே கண்டுகொள்வீர்கள். கவுன்சில் விடயத்துக்கு மட்டும் நான் விரிவாகப் பதில் எழுதுகிறேன். ஏனென்றால் நான் வந்த காலத்தில் வேறொரு வீட்டுக்காரர், அவரும் எங்கள் ஊரவர்தான், ஏறக்குறைய இதே சொற்களை எனக்கும் சொன்னார்.

முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு வீட்டை அறை அறையாகப் பிரித்து ஒவ்வொருவருடனும் தனித்தனியே ஒப்பந்தம் எழுதியிருந்தால், கவுன்சில் வரியைக் கட்டவேண்டியவர் வீட்டின் உரிமையாளர். முழு வீட்டையும் நான்கு பேர் ஒரே ஒப்பந்தத்தில் எடுத்திருந்தால் நால்வரும் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. அவர்களில் ஒருவர் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டால் அவருடைய பங்கும் மிஞ்சியவர்களின் தலையில்தான் விழும். முழுநேர மாணவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். தனியே வாழ்பவருக்கு 25 வீதம் கழிவு உண்டு. வரியை வாடகையோடு சேர்த்து உரிமையாளர் வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் பற்றுச்சீட்டுத் தராமல் காசாக வாங்கிக்கொண்டு, உங்கள் பெயரும் வெளியே வரக்கூடாது என்கிறாரே, அங்கேதான் கவனம் வேண்டும்.

அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதை ஊகிப்பது கடினமல்ல. தனியார் வாடகை வீடுகளுக்கு உரிமம் கட்டாயம் என்று இங்கிலாந்திலேயே முதன்முதலாகத் தன் எல்லை முழுவதற்கும் விதித்த கவுன்சில், உங்கள் ஈஸ்ட்ஹாமும் அடங்கிய நியூஹாம். அது 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அறை அறையாக விடும் வீட்டின் உரிமத்தில், அங்கே எத்தனை பேர் வசிக்கலாம் என்று எழுதியிருக்கும். நால்வருக்கு உரிமம் எடுத்த வீட்டில் ஏழு பேரை வைத்திருப்பவருக்கு, ஐந்தாவது ஆளின் பெயர் எந்தக் காகிதத்தில் வந்தாலும் வயிற்றைக் கலக்கும். உரிமமே எடுக்காத வீடாக இருந்தால், கட்டிய வாடகையைத் திருப்பித் தரும்படி வாடகையாளர் தீர்ப்பாயத்தில் கேட்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. பின்வளவுக் கொட்டிலுக்குள் கட்டிலைப் போட்டு அதையும் "ஸ்டூடியோ" என்று வாடகைக்கு விட்டவர்களில் எங்கள் ஆட்கள் பலர் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர்களேதான் கோயிலடியில் நின்று, இந்தக் கவுன்சில் குப்பையைக்கூட ஒழுங்காக அள்ளுவதில்லை என்று குறைப்படுகிறார்கள்.

இந்தக் கவுன்சிலின் வரலாறு, வந்தவர்கள் தங்கள் பெயரைப் பதிவில் ஏற்றிய வரலாறு என்றே எனக்குப் படுகிறது. லீ ஆற்றுக்கு மேற்கே லண்டன், கிழக்கே எசெக்ஸ் என்று இருந்த காலத்தில், நாற்றமும் ஆபத்தும் மிக்க தொழில்களை லண்டனுக்குள் கட்டுப்படுத்தி 1844இல் ஒரு சட்டம் வந்தது. சவர்க்காரம், இரசாயனம், எலும்பு காய்ச்சுதல் போன்ற தொழில்கள் ஆற்றைத் தாண்டி, இன்று நியூஹாமின் பகுதியான வெஸ்ட்ஹாமில் வந்து குடியேறின. 1855இல் விக்டோரியா துறைமுகமும் 1870இல் பெக்டன் எரிவாயு ஆலையும் 1880இல் ஆல்பர்ட் துறைமுகமும் திறக்கப்பட, வேலை தேடிய மக்கள் அயர்லாந்திலிருந்தும் நாட்டுப்புறங்களிலிருந்தும் வந்து நெருக்கமான வரிசை வீடுகளில் நிறைந்தார்கள். வெஸ்ட்ஹாம் 1886இல் நகரசபைத் தகுதி பெற்று, 1889இல் எசெக்ஸ் மாவட்டத்துக்குக் கட்டுப்படாத தனிச்சபையானது. அதே 1889இல்தான் எரிவாயுத் தொழிலாளி வில் தோர்ன் பெக்டன் ஆலைத் தொழிலாளரைச் சங்கமாக்கி எட்டு மணி நேர வேலையை வென்றெடுத்தார். 1892இல் தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டியை வெஸ்ட்ஹாம் தெற்குத் தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1898இல் தொழிலாளர் தரப்பினர் சபையையே கைப்பற்றினார்கள். இந்த நாட்டில் தொழிலாளர் நடத்திய முதலாவது சபை என்று அதைச் சொல்வார்கள். அது நெடுநாள் நிலைக்கவில்லை என்பது வேறு விடயம். ஆலையில் கரி அள்ளியவன் சபையில் வரவு செலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்தினான்.

நீங்கள் இருக்கும் ஈஸ்ட்ஹாம் சற்றுத் தாமதமாக, ஆனால் மிடுக்காக எழுந்தது. பார்க்கிங் வீதிச் சந்தியில், மணிக்கூட்டுக் கோபுரத்தோடு நிற்கும் அந்தச் செங்கல் நகரமண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 1903இல் திறக்கப்பட்டபோது ஈஸ்ட்ஹாம் இன்னும் நகரசபைத் தகுதிகூடப் பெறவில்லை. அது கிடைத்தது அடுத்த ஆண்டு. தனிச்சபைத் தகுதி 1915இல் வந்தது. லண்டன் அரசாங்கச் சட்டம் 1963இல் நிறைவேறி, 1965 ஏப்ரல் 1ஆம் திகதி வெஸ்ட்ஹாமும் ஈஸ்ட்ஹாமும், ஆற்றோரத்து வடக்கு வூலிச்சோடு சேர்ந்து நியூஹாம் ஆயின.

புதிய சபைக்கு மூன்று வயதாகும்போதே பேரிடி விழுந்தது. போரில் குண்டுவீச்சால் அழிந்த வீடுகளுக்கு ஈடாக, தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விரைவாகக் கட்டிய 22 மாடிக் கட்டடம் ஒன்று நியூஹாமின் கனிங் டவுனில் இருந்தது. ரோனன் பாயிண்ட் என்று பெயர். 1968 மே 16ஆம் திகதி அதிகாலையில் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்ததில் சுவர் ஒன்று வெளியே தள்ளப்பட, மேலே இருந்த தளங்கள் தாங்குவாரின்றி விழுந்து, அந்த மூலை அடிவரை சரிந்தது. நால்வர் இறந்தார்கள். மக்கள் குடியேறிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஓரிடம் உடைந்தால் முழுக் கட்டடமும் தொடர்ந்து சரியக்கூடாது என்று இந்த நாட்டின் கட்டட விதிகள் மாற்றப்பட்டதற்கு அதுவே காரணம். சுவரைத் துளைத்து, கதவை மாற்றி, ஓர் அறையை மூன்றாக்கும் எங்கள் வீட்டுக்காரர்களுக்குக் கட்டட அனுமதி என்றால் வெறும் தொந்தரவாகத் தெரிகிறது. நியூஹாமில் இருந்துகொண்டு அப்படி நினைப்பதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும்.

நான் வந்த காலத்துக்கு வருகிறேன். அப்போது நான் இருந்தது லண்டனின் வேறொரு பகுதியில். 1990 ஏப்ரல் 1ஆம் திகதி பிரதமர் தாட்சரின் அரசு, வீட்டுக்கு விதித்த பழைய வரியை நீக்கி, வயது வந்த ஒவ்வொருவருக்கும் தலைவரி என்று இங்கிலாந்தில் கொண்டுவந்தது. மாளிகைக்காரரும் கூலிக்காரரும் ஒரே தொகை. கையில் காசில்லாதவரும் 20 வீதமாவது கட்ட வேண்டும். அதற்கு முதல் நாள், மார்ச் 31ஆம் திகதி, ட்ரஃபால்கர் சதுக்கத்தில் பெரிய கலவரம் நடந்தது. மூன்று அறை வீட்டில் பாய் விரித்து நெருங்கிப் படுத்திருந்த எங்களுக்கு அந்த அரசியல் விளங்கவில்லை. ஆட்களின் பெயர் கேட்டு ஒரு படிவம் வந்தது மட்டும் தெரியும். ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவன் நான் என்பதால், வீட்டுக்காரர் குசினி மேசையில் சோற்றுப் பானையை ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டுக்குப் பொறுப்பானவர் என்ற கட்டத்தில் எனக்குச் சொல்லாமலே என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். மற்றவர்களின் பெயர்களை விட்டுவிட்டார். பிறகு வந்த கடிதங்களை எரிவாயு மீட்டர்ப் பெட்டிக்குள் செருகி வைத்தார். நீதவான் நீதிமன்ற அழைப்பு பதிவுத் தபாலில் வந்து, நானே கையெழுத்திட்டு வாங்கிய அன்றுதான் எனக்கு எல்லாம் தெரிய வந்தது.

அந்தக் கவுன்சில் கருமபீடத்துக்குப் போய் இலக்கச் சீட்டோடு காத்திருந்தேன். கரிபியன் நாட்டுப் பெண்மணி ஒருவர், என் தடுமாற்றமான ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்டு, கடித உறைகளின் திகதிகளைப் பார்த்து, வாரம் ஐந்து பவுண் என்று தவணை போட்டுத் தந்தார். ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் கோப்பில் சேர்த்து வைத்தேன். பிற்காலத்தில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தபோது, இன்ன திகதியில் இன்ன விலாசத்தில் இருந்தேன் என்று நிறுவ அந்தக் கோப்புத்தான் கைகொடுத்தது. பெயரைக் கொடுக்காமல் தப்பியவர்கள் அதைக் கலியாண வீடுகளில் இன்றும் கெட்டித்தனமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களில் சிலர் அதே காரணத்தால் விலாசத்துக்குச் சான்று தேடி அலைந்ததை மட்டும் சொல்லமாட்டார்கள். தலைவரி 1993இல் ஒழிந்து, 1991ஆம் ஆண்டு விலைமதிப்பின்படி வீடுகளை எட்டுப் படிகளாகப் பிரித்த இன்றைய கவுன்சில் வரி வந்தது.

இப்போது யார் நடத்துகிறார்கள் என்ற கேள்வி. நியூஹாமில் 2002ஆம் ஆண்டு முதல் மேயரை மக்களே நேரடியாகத் தெரிவு செய்கிறார்கள். அந்த ஏற்பாடு வேண்டுமா என்று 2021இல் மீண்டும் கேட்டபோதும் மேயர் முறையையே வைத்துக்கொண்டார்கள். 24 வட்டாரங்களுக்கு 66 கவுன்சிலர்கள். அவர்களிலிருந்து மேயர் தன் அமைச்சரவை போன்ற குழுவை அமைப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். இங்கேதான் எனக்கு மனக்குறை. 2010, 2014, 2018 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அப்போதிருந்த 60 இடங்களையும் தொழிற்கட்சியே பிடித்தது. எதிர்க்கட்சி வாங்கில் ஒருவரும் இல்லாத சபையில் யார் யாரைக் கேள்வி கேட்பது? 2022இல்தான் பசுமைக் கட்சியினர் இருவர் உள்ளே வந்தார்கள். லண்டன் மேயர் வேறு ஆள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்: பேருந்தும் பொலிசும் அவருடைய பொறுப்பு, உங்கள் வரிச்சீட்டில் ஒரு பகுதி அவரிடம் போகிறது. 2025இல் நியூஹாம் அரசிடம் விசேட அனுமதி பெற்று வரியை 8.99 வீதம் உயர்த்தியது. வீடற்ற குடும்பங்களைத் தற்காலிக விடுதிகளில் தங்கவைக்கும் செலவு அதற்குப் பெரிய காரணம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இலங்கைக் குடியுரிமை பொதுநலவாயக் குடியுரிமை என்பதால், செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசிக்கும் நீங்கள் இந்த நாட்டுத் தேர்தல்களில் வாக்களிக்கலாம். ஊரில் 2023இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்கு 2025 மே வரை காத்திருந்த உங்களுக்கு இதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால் வங்கியில் கடன் தகுதி பார்க்கும்போதும் உதவும். வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்பார்கள். இலங்கைக் கடவுச்சீட்டு போதும். தபால் வாக்குச் சீட்டை நிரப்பித் தருகிறேன் என்று எந்த அண்ணன் வந்தாலும் கொடுக்காதீர்கள். பக்கத்துக் கவுன்சிலான டவர் ஹாம்லெட்சில் 2014ஆம் ஆண்டு மேயர் தேர்தலையே அடுத்த ஆண்டு நீதிமன்றம் செல்லாது என்றது. நிரூபிக்கப்பட்ட முறைகேடுகளில் தபால் வாக்கு மோசடியும் ஒன்று.

இன்னொரு எச்சரிக்கை. உங்கள் விசாவில் பொது நிதி பெறமுடியாது என்ற நிபந்தனை இருக்கும். வருமானம் குறைந்தவர்களுக்கான கவுன்சில் வரிக் குறைப்பும் கவுன்சில் வீடும் அந்தப் பொது நிதிக்குள் அடங்கும்; "விண்ணப்பித்துப் பார், தந்தால் லாபம்" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு விசாவைப் பாழாக்காதீர்கள். மேலே சொன்ன 25 வீதக் கழிவு அப்படியல்ல, அதைத் தயங்காமல் கேட்கலாம். உங்கள் பெயரில் வரிச்சீட்டு வந்தால் தவணையைத் தவறவிடாதீர்கள். நினைவூட்டல் வந்தும் கட்டாவிட்டால் முழு ஆண்டுத் தொகையையும் ஒன்றாகக் கேட்பார்கள், அதன்பின் நீதிமன்றக் கட்டளை, அதன்பின் கடனுக்குப் பொருட்களைப் பறிக்க வரும் பெய்லிஃப்.

மனைவியும் மகளும் வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். பாடசாலை அனுமதி பொது நிதியில் சேராது. செப்டெம்பரில் ரிசெப்ஷன் என்ற தொடக்க வகுப்பில் சேரும் பிள்ளைக்கு, அந்த ஆண்டு ஜனவரி 15ஆம் திகதிக்கு முன் நீங்கள் வசிக்கும் இடத்துக் கவுன்சில் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். நடு ஆண்டில் வந்தாலும் இடம் கேட்கலாம். நியூஹாமில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் 2009 முதல் மதிய உணவு இலவசம். ஆனால் விண்ணப்பத்தோடு விலாசத்துக்குச் சான்று கேட்பார்கள், அந்த அறையில் உங்கள் பெயரில் ஒரு காகிதமும் இல்லையென்றால் அங்கேயே தடுக்கும். ஆகவே எழுத்தில் ஒப்பந்தமும் வாடகைக்குப் பற்றுச்சீட்டும் இந்த மாதமே கேளுங்கள். வீட்டுக்காரர் மறுத்தால், குடும்பம் வருமுன் வேறு வீடு பாருங்கள்.