பட்டறையில் ஒட்டிக்கொண்ட தகடுகள்: அது காசிமிர் விசையா?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் மெருகேற்றிய இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து, காசிமிர் விசையா என்று கேட்கிறீர்கள். இல்லை. பெரும்பாலும் நடுவில் சிக்கிய எண்ணெய்ப் படலத்தின் வேலை அது. நன்றாகத் துடைத்துவிட்டு வைத்துப் பாருங்கள்.

சரி, காசிமிர் விசை எது? வெற்றிடத்திலும் மின்காந்தப் புலம் சும்மா இருப்பதில்லை, எல்லா அலைநீளத்திலும் துடிக்கும். தகடுகளுக்கு நடுவே, இடைவெளிக்குப் பொருந்தும் அலைகளுக்கு மட்டுமே இடம். வெளியே அந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்த வித்தியாசம் தகடுகளை நெருக்குகிறது. டச்சு இயற்பியலாளர் ஹெண்ட்ரிக் காசிமிர் 1948-இல் இதைக் கணக்கிட்டார். இடைவெளி பாதியானால் விசை 16 மடங்கு! 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் சதுர மீட்டருக்கு வெறும் 1.3 மில்லிநியூட்டன். உங்கள் தகட்டில் கண்ணுக்குத் தெரியும் கீறலே அந்த இடைவெளியைக் கெடுத்துவிடும். 1997-இல் இயற்பியலாளர் ஸ்டீவ் லாமரோ இந்த விசையை அளந்தபோதுகூட ஒரு பரப்பை வளைவாகத்தான் வைத்தார். இரண்டு தட்டைகளை இணையாக நிறுத்துவது அவ்வளவு கடினம்.