பைபோலார் பாதிப்பை எப்படி அடையாளம் காண்பது? வர மறுப்பவரைச் சிகிச்சைக்கு எப்படி அழைத்துச் செல்வது?

சில மாதங்கள் ஓயாத பேச்சும் கணக்கு வழக்கில்லாத செலவுமாக இருந்த அண்ணன், இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமும் பேசாமல் கிடக்கிறார். இது பைபோலாராக இருக்குமா, மருத்துவரிடம் வர மறுப்பவரை எப்படி அழைத்துப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. இதே பாதிப்புள்ள தம்பியைப் பல ஆண்டுகளாக உடனிருந்து கவனித்துவரும் அக்கா என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அண்ணனுக்கு என்ன நோய் என்பதை மனநல மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பைபோலார் என்பது மனநிலை அளவுமீறிய எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய். இதில் குடும்பத்தாரைப் பதறவைப்பது சோர்வுநிலை. நோயைக் காட்டிக்கொடுப்பதோ அதற்கு முன்பே வந்துபோன எழுச்சிநிலை. அதைத்தான் மருத்துவர்கள் மேனியா என்கிறார்கள். வழக்கத்துக்கு மாறான பூரிப்போ எரிச்சலோ, அதனுடன் அளவுமீறிய சுறுசுறுப்பும் சேர்ந்து ஒரு வாரமாவது நீடித்தால், அல்லது அதற்குள்ளாகவே மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றினால், அது மேனியா என்று கொள்ளப்படும். அதைவிடத் தணிந்த வடிவம் ஹைப்போமேனியா. நான்கு நாட்கள் நீடித்தாலே கணக்கில் வரும். இரண்டிலும் நான் முதலில் கவனிக்கச் சொல்வது தூக்கத்தை. கவலையால் தூக்கம் கெட்டவர் மறுநாள் துவண்டு கிடப்பார். எழுச்சிநிலையில் இருப்பவரோ இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் உறங்கி, களைப்பின் சுவடே இல்லாமல் விடியுமுன் எழுந்து வேலையைத் தொடங்கிவிடுவார்.

என் தம்பி திண்டுக்கல் பக்கத்தில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறான். முதல்முறை நோய் கண்டபோது நள்ளிரவில் கடையைத் திறந்து வெளிச்சுவருக்குத் தானே வண்ணம் பூசினான். விற்பனைக் காலம் இல்லாத மழைக்காலத்தில் ஒரு லாரி நிறைய மின்விசிறிகளைக் கடனில் வரவழைத்தான். அவனுடைய பற்று வரவு நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தபோது, பொடிப்பொடியாக இருந்த கையெழுத்து பக்கத்துக்குப் பக்கம் பெருத்து, கடைசியில் ஒரு பக்கத்துக்கு நான்கே வரிகள் கொள்ளும்படி ஆகியிருந்தது. ஓரங்களில் இன்னும் தொடங்காத கிளைகளின் பெயர்கள். ஊரில் அப்போது எல்லோரும் பையன் முன்னுக்கு வந்துவிட்டான் என்றுதான் பேசிக்கொண்டார்கள். எழுச்சிநிலையின் தொடக்கம் கெட்டிக்காரத்தனமாகவே தெரியும் என்பதால், குடும்பம் அதை நோயென்று சந்தேகிப்பது அரிது.

பேச்சு வேகமெடுப்பது, ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது, தகுதிக்கு மீறிய பெருமை, யோசிக்காமல் கடன் வாங்குவதும் கொடுப்பதும், பாலுணர்வு சார்ந்த கட்டுப்பாடு தளர்வது, தடுத்துப் பேசினால் சட்டென்று மூளும் கோபம் ஆகியவை மற்ற அடையாளங்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சியாகவே வெளிப்படும் என்று எண்ண வேண்டாம். சிலரிடம் சிடுசிடுப்பு மட்டுமே தெரியும். முற்றிய நிலையில் காதில் குரல் கேட்பதும், தனக்குத் தெய்வ சக்தி வந்துவிட்டதாக உறுதியாக நம்புவதும் உண்டு. நம் பக்கத்தில் பல குடும்பங்கள் முதலில் குணசீலம் பெருமாள் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போவது இதனால்தான். வேண்டுதலை நான் குறைசொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் முடிகயிறு கட்டினோம். ஆனால் மருந்தைத் தள்ளிப்போட்டு வேண்டுதலை மட்டும் நம்புவது வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றி இறந்தார்கள். இன்று அதே தர்கா வளாகத்தில் பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது.

சோர்வுநிலை பலருக்கும் தெரிந்ததே: இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பின்மை, குற்ற உணர்வு, பசி மாறுவது, சாவைப் பற்றிய நினைப்பு. பைபோலாரில் அளவுக்கு அதிகமாகத் தூங்குவதும் உடல் ஈயம்போல் கனப்பதும் அடிக்கடி காணப்படும். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலோர் இந்தக் கட்டத்தில்தான் மருத்துவரைத் தேடிப்போகிறார்கள். பழைய எழுச்சிநிலை பற்றிக் கேள்வியும் எழாமல் பதிலும் சொல்லப்படாமல் போனால், அது வெறும் மனச்சோர்வு என்று முடிவாகிவிடும். அதற்கான மாத்திரையை மட்டும், மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தின் துணையின்றிக் கொடுக்கும்போது, பைபோலார் உள்ள சிலருக்கு அதுவே மேனியாவைத் தூண்டிவிடும். என் தம்பிக்கு ஒரு பொது மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் நடந்தது இதுதான். சில வாரங்களில் மறுபடியும் இரவெல்லாம் விழித்திருக்கத் தொடங்கினான்.

ஆகவே மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எந்த மாதத்தில் தூக்கம் குறைந்தது, எப்போது செலவு கூடியது, எப்போது முடங்கினார், கஞ்சாவோ மதுவோ ஸ்டீராய்டு மருந்தோ உண்டா, அப்பா அம்மா வழியில் யாருக்காவது இப்படி இருந்ததா, தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டா என்பவற்றைக் கூச்சமில்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். பைபோலாரை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தைராய்டு போன்ற பிற காரணங்களை விலக்கத்தான் அந்தச் சோதனைகள். மருத்துவர் முடிவெடுப்பது பெரும்பாலும் நீங்கள் தரும் இந்த வரலாற்றை வைத்துத்தான். தான் நன்றாக இருந்த காலம் என்று நினைப்பதால், பாதிக்கப்பட்டவர் எழுச்சிநிலையைத் தாமாகச் சொல்லமாட்டார்.

உங்கள் அண்ணன் இப்போது சோர்வில் இருப்பது, அழைத்துச் செல்வதற்கு ஒருவகையில் ஏற்ற நேரம். எழுச்சியில் இருப்பவர் தனக்கு எந்தக் குறையும் இல்லை என்பார். சோர்வில் இருப்பவருக்கு வேதனை தெரியும். "உனக்குப் பைத்தியம்" என்ற தொனியே வேண்டாம். "சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல் இருக்கிறாய் அண்ணா, அதற்கு ஒரு வழி கேட்டு வரலாம்" என்று அவர் உணர்கிற சங்கடத்திலிருந்து தொடங்குங்கள். அது பொய்யும் அல்ல. அவர் அறியாமல் சாப்பாட்டில் மருந்து கலப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தெரிந்துகொள்ளும் நாளில் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார். தவிர, லித்தியம் போன்ற மருந்தைக் கண்காணிப்பு இல்லாமல் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணை அழையுங்கள், அது டெலி மானஸ் எனும் அரசின் மனநலத் தொலைபேசி உதவி. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தற்கொலை எண்ணத்தை வெளியிட்டாலோ, நாட்கணக்கில் தூங்காமல் கட்டுமீறினாலோ, முன்பதிவுக்குக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். தனியாக விடாதீர்கள், மாத்திரை, பூச்சிமருந்து, கயிறு எதுவும் கைக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளும் நிலையில் இல்லாதவரை, தனித்தனியாகப் பரிசோதிக்கும் இரண்டு நிபுணர்களின் கருத்தைக் கேட்டு, முதற்கட்டமாக 30 நாட்கள் வரை அனுமதித்துச் சிகிச்சையளிக்க 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. அதே சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது.

மனநிலையைச் சமன்படுத்தும் மருந்துகளில் லித்தியம் மூத்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் அதன் பயனை வெளியிட்டார். விலை குறைவு, தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் பெயர் பெற்றது. ஆனால் பலனளிக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது பொதுவான இலக்கு. சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை ரத்தத்தில் லித்தியம் அளவைக் கூட்டிவிடும். வயிற்றுப்போக்கும் கடும் வியர்வையும் அப்படித்தான். எங்கள் ஊரிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை கிளம்பும்போது தம்பியும் போகக் கேட்பான். வெயிலும் இரவு நடையும் சேர்ந்து நீர்ச்சத்தையும் தூக்கத்தையும் ஒன்றாகக் கெடுக்கும் என்பதால், பேருந்தில் போய்த் தரிசனம் செய்துவரலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, தள்ளாட்டம், நாக்குழறல் கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வால்ப்ரோயேட் மற்றொரு மருந்து. அது கருவில் உள்ள குழந்தையின் உறுப்பையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும் என்பதால், கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்குப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள்.

நலமானதும் மாத்திரையை நிறுத்தத்தான் எல்லோருக்கும் தோன்றும். திடீரென நிறுத்தினால் மேனியா திரும்பும் வாய்ப்பு அதிகம். நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவருடன் பேசிச் செய்ய வேண்டியவை. தெளிவாக இருக்கும் நாட்களிலேயே சில ஏற்பாடுகளை அவருடைய சம்மதத்தோடு செய்துவைக்கலாம். எங்கள் வீட்டில் தம்பி ஒரு நாள் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் அவன் மனைவி மருத்துவருக்குத் தகவல் சொல்வது, கடன் அட்டை என்னிடம் வருவது, பெரிய கொள்முதல் எதுவும் ஒரு வாரம் தள்ளிப்போவது என்று அவனே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறான்.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். கல்யாணம் மருந்தல்ல, மறைத்துச் செய்வது அந்தப் பெண்ணுக்கு அநீதி. என் தம்பியின் திருமணத்துக்கு முன் பெண்ணையும் அவள் அப்பாவையும் மருத்துவரின் அறைக்கே அழைத்துப்போய், அவர்கள் கேட்க நினைத்ததையெல்லாம் நேரடியாகக் கேட்கச் செய்தோம். அவள் முதலில் கேட்டது, மாத்திரை சாப்பிட அவர் மறுத்தால் தான் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான்.